விழாமலே முறியும் எலும்பு

காலையில் எழுந்த மகனுக்கு வலது தோளில் வலி. வயது முப்பதுக்குள். இரவு சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர், கட்டிலிலிருந்து விழவில்லை, எங்கும் இடித்துக்கொள்ளவும் இல்லை. அம்மா காப்பி டம்ளரை நீட்டுகிறார். வலது கை வயிற்றோடு ஒட்டியபடி நிற்கிறது. இடது கையால்தான் வாங்க முடிகிறது.

“என்னடா, அந்தக் கையை நீட்ட மாட்டேங்குற?”

“திரும்பலம்மா. தோள்ல யாரோ பூட்டுப் போட்ட மாதிரி இருக்கு.”

“கோணலாப் படுத்திருப்ப. சுளுக்குதான். எண்ணெய் தடவி விடுறேன், சரியாப்போயிடும்.”

எண்ணெய் தடவியும் சரியாகவில்லை. மறுநாள் பக்கத்துத் தெரு கிளினிக்கில் ஒரு எக்ஸ்ரே எடுக்கிறார்கள். “எலும்பு நல்லா இருக்கு” என்று வலி மாத்திரை எழுதிக் கொடுக்கிறார்கள். மூன்று வாரம் போகிறது. வலி குறைந்திருக்கிறது, கை மட்டும் திரும்பவில்லை. சட்டையின் கைக்குள் நுழைக்கவும் தலை சீவவும் அவர் படாத பாடு படுகிறார். இது தனி ஒருவருடைய கதை அல்ல. எலும்பு மருத்துவர்களிடம் தாமதமாக வந்து சேரும் பலருடைய கதைகளிலும் பொதுவாக இருப்பதைக் கோத்துச் சொன்னது. இதில் விடுபட்டுப்போன ஒரே ஒரு தகவல்: அன்று இரவு தூக்கத்தில் அவருக்கு வலிப்பு வந்திருக்கிறது. அது அவருக்கும் தெரியாது, பக்கத்து அறையில் படுத்திருந்த அம்மாவுக்கும் தெரியாது.

வலிப்பில் அடிபடுவது என்றால் நமக்கு உடனே தோன்றுவது விழுவதுதான். நடந்துகொண்டிருந்தவர் சாய்கிறார், தலையில் காயம், பல் உடைகிறது, மணிக்கட்டு முறிகிறது. அதெல்லாம் உண்மைதான். ஆனால் மெத்தையில் படுத்திருப்பவரின் எலும்பும் வலிப்பில் முறியும், மூட்டும் நழுவும். வெளியிலிருந்து ஒரு அடியும் வேண்டாம். சொந்தத் தசையே அதைச் செய்துவிடும்.

எப்படி என்று புரிந்துகொள்ளத் தோள் மூட்டிலிருந்து தொடங்குவது நல்லது. இடுப்பு மூட்டு உரல் மாதிரி: ஆழமான குழி, அதற்குள் தொடை எலும்பின் உருண்டைத் தலை. தோள் அப்படி இல்லை. பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் வாயில் ஸ்பூனைக் கவ்வி, அதன்மேல் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு ஓடுவார்களே, அதுதான் தோள். பழம் பெரிது, ஸ்பூன் சிறிது, பள்ளமும் அதிகம் இல்லை. கையை எல்லாத் திசையிலும் சுழற்ற முடிவது இதனால்தான், எளிதில் நழுவுவதும் இதனால்தான். அந்தப் பழத்தை இடத்தில் நிறுத்தி வைப்பவை சுற்றியுள்ள தசைகளும் நார்களும்.

இந்தத் தசைகள் இரண்டு கட்சி. ஒரு கட்சி கையை உள்பக்கம், அதாவது வயிற்றை நோக்கித் திருப்பும். மார்புத் தசை, முதுகில் விரிந்து கிடக்கும் பெரிய தசை, தோள்பட்டை எலும்பின் உள்பக்கத்துத் தசை எல்லாம் இதில் சேர்த்தி. கையை வெளிப்பக்கம் திருப்பும் எதிர்க்கட்சியில் இருப்பவை சிறிய தசைகள். சாதாரண நாளில் ஒரு பக்கம் இழுத்தால் இன்னொரு பக்கம் விட்டுக்கொடுக்கும், மூளை அதைப் பார்த்துக்கொள்ளும். உடல் முழுக்க வெட்டி இழுக்கும் பெரிய வலிப்பில் மூளையின் அந்தக் கட்டுப்பாடு போய்விடுகிறது. இரண்டு கட்சியும் ஒரே நேரத்தில் முழு பலத்தோடு இழுக்கின்றன. வடம் இழுக்கும் போட்டியில் ஒரு பக்கம் பத்துப் பேர், மறுபக்கம் மூன்று பேர் என்றால் முடிவு தெரிந்ததுதான். கை உள்பக்கமாக முறுக்கிக்கொள்கிறது, எலும்பின் தலை பின்பக்கமாகத் தள்ளப்பட்டுக் குழியின் விளிம்பைத் தாண்டி வெளியே போய்விடுகிறது. அந்த விளிம்பு எலும்புத் தலையின் முன்பக்கத்தில் ஒரு பள்ளத்தை இடித்துவிடுகிறது. அந்தப் பள்ளத்தில் விளிம்பு மாட்டிக்கொண்டால், மகன் சொன்ன பூட்டு அதுதான்.

தோள் நழுவுவது அரிதல்ல. கபடியிலும் பைக்கிலிருந்து விழுந்தும் தினமும் நடக்கிறது. ஆனால் அவை பெரும்பாலும் முன்பக்கமாக நழுவுபவை. பின்பக்கமாக நழுவுவது நூற்றில் 2 முதல் 4 வரைதான். ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகர மருத்துவர்கள் 2011-இல் வெளியிட்ட கணக்குப்படி, ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஒருவருக்கு மேல் கொஞ்சம். பாதிக்கு மேல் விபத்துகளால் வந்தவை, மீதியில் பெரும்பகுதி வலிப்பால் வந்தவை. இவ்வளவு அரிது என்பதே ஆபத்து. ஊர் மருத்துவர் ஒருவர் தன் வாழ்நாளில் இதை ஓரிரு முறைதான் பார்த்திருப்பார். பார்த்தாலும் அடையாளம் தெரியாமல் போக வாய்ப்பு அதிகம்.

வலிப்பில் வருவதெல்லாம் பின்பக்க நழுவல்தான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. முன்பக்கமாக நழுவுவதும் உண்டு, அதுவும் குறைவில்லை. ஆனால் முன்பக்கம் நழுவினால் தோளின் உருண்டை வடிவம் போய், ஓரம் சதுரமாகத் துருத்திக்கொண்டு நிற்கும். சட்டையைக் கழற்றினாலே வீட்டுக்காரர்களுக்கும் தெரிந்துவிடும். பின்பக்க நழுவல் அப்படிக் காட்டிக்கொடுப்பதில்லை. மார்போடு கையை அணைத்து வைத்திருக்கும் ஒருவர் வலிக்குப் பயந்து அப்படி வைத்திருக்கிறார் என்றே எல்லாரும் நினைப்பார்கள்.

லண்டன் கைஸ் மருத்துவமனையின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர் 1839-இல் இந்தப் பின்பக்க நழுவலைப் பற்றி எழுதினார். வலிப்பு நோயாளி ஒருவரின் தோளும் அவர் சொன்னவற்றில் உண்டு. ரோன்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது 1895-இல். அதாவது படம் எடுக்கும் வசதியே இல்லாத காலத்தில், கையால் தொட்டும் தடவியும், கை எந்தப் பக்கம் திரும்பவில்லை என்று பார்த்தும் அன்றைய மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். எக்ஸ்ரே வந்தபிறகு இது எளிதாகியிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. படத்தை நம்பித் தோளைத் தொட்டுப் பார்க்காமல் விட்டுவிடும் வழக்கம் வந்துவிட்டது. ஹாக்கின்ஸ், நீர் உள்ளிட்ட எலும்பு மருத்துவர்கள் 1987-இல் இப்படிப் பூட்டிக்கொண்ட 41 தோள்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அடிபட்டதற்கும் கண்டுபிடித்ததற்கும் இடையே சராசரியாக ஓர் ஆண்டு ஓடியிருந்தது! ஓர் ஆண்டு முழுக்க இறங்கிய தோளோடு நடமாடியிருக்கிறார்கள்.

எக்ஸ்ரே ஏன் ஏமாற்றுகிறது? நெஞ்சுக்கு நேராக எடுக்கும் வழக்கமான படத்தில், பின்னால் போன எலும்புத் தலை குழிக்கு நேர் பின்னால்தான் நிற்கும். முன்னாலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று தெரியும். தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட பிள்ளை தூணோடு சேர்ந்து தெரிவது மாதிரிதான். ஆனாலும் ஒரு தடயம் உண்டு. நல்ல தோளின் எக்ஸ்ரேயில் கை எலும்பின் தலை, கைத்தடியின் வளைந்த பிடி மாதிரி ஒருபக்கம் சாய்ந்திருக்கும். உள்பக்கம் முறுக்கிக்கொண்ட தோளில் அது இரண்டு பக்கமும் சமமாக, பழைய குண்டு பல்பு மாதிரி தெரியும். எக்ஸ்ரேயில் பல்பைப் பார்த்தால் சந்தேகப்பட வேண்டும் என்று எலும்பு மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். சந்தேகம் வந்தால் தீர்த்துக்கொள்ள எளிய வழி இன்னொரு படம். கையைக் கொஞ்சம் விலக்கி அக்குள் வழியாக எடுத்தால் தலை குழியில் இருக்கிறதா, பின்னால் போயிருக்கிறதா என்று பளிச்சென்று தெரிந்துவிடும். கையை விலக்கவே முடியாவிட்டால் சி.டி. ஸ்கேன். தோளுக்கு ஒரே கோணத்தில் எடுத்த ஒற்றை எக்ஸ்ரேயை வைத்து எலும்பு நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டுவது பாதி வேலைதான்.

படம் எடுப்பதற்கு முன்பே, வீட்டில் உட்கார்ந்தபடியே சந்தேகப்பட இரண்டு அடையாளங்கள் இருக்கின்றன. நோயாளி நன்றாகத் தெளிந்தபிறகு, தானாகச் செய்யச் சொல்ல வேண்டும். யாரும் பிடித்து இழுக்கவோ திருப்பவோ கூடாது.

முழங்கைகளை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு, முன்கைகளை நேராக நீட்டி, இரட்டைக் கதவைத் திறப்பது போல இரண்டு கைகளையும் வெளிப்பக்கம் விரிக்கச் சொல்லலாம். நழுவிய தோள் உள்ள பக்கத்துக் கதவு திறக்காது. அடுத்தது, கோயிலில் தீர்த்தம் வாங்குவது போல இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி உள்ளங்கையை மேலே பார்க்கத் திருப்புவது. நல்ல கை திரும்பிவிடும். மற்ற கை பாதி வழியில் நின்றுவிடும், உள்ளங்கை பக்கவாட்டையே பார்த்துக்கொண்டிருக்கும். முழங்கையிலும் மணிக்கட்டிலும் ஒரு கோளாறும் இருக்காது. மேலே தோள் உள்பக்கமாகப் பூட்டிக்கிடப்பதால் கீழே கை திரும்ப வழியில்லை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. வலிப்பில் இரண்டு தோளும் ஒரே சமயத்தில் நழுவலாம். அப்போது ஒரு கையை மற்ற கையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும், சமமாக இருப்பதால் ஒன்றுமில்லை என்று தோன்றிவிடும். நடுத்தர வயதில் சர்க்கரை நோயும் இருந்துவிட்டால், தோள் இறுகிப்போச்சு என்று சொல்லி மாதக்கணக்கில் பயிற்சி கொடுப்பதும் நடக்கும். இறுக்கம் மெல்ல மெல்ல, வாரக்கணக்கில் வருவது. நேற்று இரவு நன்றாக இருந்த தோள் இன்று காலையில் பூட்டிக்கொண்டால் அது இறுக்கம் அல்ல.

எலும்பை முறிக்கத் தசை மட்டுமே போதும் என்பதை மருத்துவம் நிரூபித்துக்கொண்டது கொஞ்சம் கசப்பான வழியில். 1934-இல் புடாபெஸ்டில் லாடிஸ்லாஸ் மெடுனா என்ற மனநல மருத்துவர், மனச்சிதைவு நோயாளிகளுக்கு வேண்டுமென்றே வலிப்பை வரவழைத்துச் சிகிச்சை செய்யத் தொடங்கினார். முதலில் எண்ணெயில் கரைத்த கற்பூரத்தை ஊசியாகப் போட்டார். பிறகு மெட்ரசோல் என்ற மருந்துக்கு மாறினார். 1938-இல் ரோமில் செர்லெட்டியும் பினியும் மின்சாரம் கொடுத்து வலிப்பை வரவழைத்தார்கள். மெட்ரசோல் சீக்கிரமே வலிப்பைக் கொண்டுவரும். நோயாளி படுக்கையில்தான் இருப்பார், சுற்றிலும் ஆட்கள் நிற்பார்கள். விழுவதற்கு வழியே இல்லை.

இருந்தும் எலும்புகள் முறிந்தன. நியூயார்க் மருத்துவர்கள் 1939-இல், மெட்ரசோல் சிகிச்சை பெற்ற 51 பேரின் முதுகெலும்பைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். நூற்றுக்கு 43 பேர் என்ற கணக்கில் முள்ளெலும்பு நசுங்கியிருந்தது! பெரும்பாலும் மேல்முதுகில், இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவில். உடல் முன்பக்கமாகச் சுருண்டு வெட்டும்போது முள்ளெலும்பின் முன் ஓரம் நசுங்குகிறது. பின் ஓரம் உயரம் குறையாமல் நிற்கிறது. பக்கத்திலிருந்து பார்த்தால் தச்சர் அடிக்கும் ஆப்பு மாதிரி இருக்கும். படம் எடுத்திருக்காவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது. முறிவு இருந்தும் வாய்திறந்து புகார் சொல்லாதவர்கள் அந்தக் காலத்து அறிக்கைகளில் நிறையப் பேர்.

தீர்வு தென்னமெரிக்கக் காட்டிலிருந்து வந்தது. அங்குள்ள பழங்குடியினர் அம்பு முனையில் தடவும் குராரே என்ற நஞ்சு தசைகளைத் தளரவைக்கும். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஏ. ஈ. பென்னட் 1940-இல் அதைக் கொஞ்சமாகக் கொடுத்துவிட்டு வலிப்பை வரவழைத்தார். மூளையில் வலிப்பு வந்தது, உடல் மட்டும் வெட்டி இழுக்கவில்லை, எலும்பும் முறியவில்லை. 1950-களின் தொடக்கத்தில் குராரேவை விடப் பாதுகாப்பான தசைத் தளர்ப்பு மருந்து வந்தது. இன்றும் மின்சிகிச்சை தரும் மருத்துவமனைகளில் ஒரு விசித்திரமான காட்சியைப் பார்க்கலாம். தளர்ப்பு மருந்து கொடுக்கும் முன் நோயாளியின் கணுக்காலுக்கு மேல் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கட்டிக் காற்றடிப்பார்கள். தளர்ப்பு மருந்து அந்தப் பாதத்துக்குப் போகாது. பிறகு உடல் முழுக்க அசையாமல் கிடக்க, அந்த ஒற்றைப் பாதம் மட்டும் துடிக்கும். வலிப்பு எவ்வளவு நேரம் நடந்தது என்று அந்தப் பாதத்தைப் பார்த்துக் கணக்கெடுப்பார்கள். தமிழ் சினிமா காட்டும் ‘ஷாக்’ காட்சிகளில் நோயாளி துள்ளித் துடிப்பார், நிஜத்தில் துடிக்கக் கூடாது. மயக்கமும் தசைத் தளர்ப்பும் இல்லாமல் மின்சிகிச்சை தருவதை இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்திருக்கிறது.

வீட்டில் வரும் வலிப்புக்குத் தளர்ப்பு மருந்து கிடையாது. எனவே அன்றைய நியூயார்க் நோயாளிகளுக்கு நடந்தது இன்று எந்த வீட்டுப் படுக்கையறையிலும் நடக்கலாம். வலிப்பு வந்தவருக்கு மறுநாள் உடம்பெல்லாம் வலிக்கும், அடித்துப்போட்ட மாதிரி இருக்கும். அது இயல்புதான், இரண்டு மூன்று நாளில் தணிந்துவிடும். தணியாமல் முதுகில் ஒரே இடத்தில் நிற்கும் வலி, இருமினாலும் தும்மினாலும் சுண்டும் வலி, முதுகுத்தண்டை விரலால் அழுத்தும்போது குறிப்பிட்ட ஒரு முள்ளெலும்பில் மட்டும் சுரீரென்று வரும் வலி, இவை இருந்தால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். கால் மரத்துப்போவது, பலவீனம், சிறுநீர் போக முடியாமல் நிற்பது என்றால் காத்திருக்கவே கூடாது.

அடுத்தது இடுப்பு. உரல் மாதிரி ஆழமான குழி என்று சொன்னோமே, அதையும் தசை விட்டுவைப்பதில்லை. தொடை எலும்பின் கழுத்து முறியலாம். தொடைத் தலை உரலின் அடியையே உடைத்துக்கொண்டு உள்ளே போகலாம். எழுந்து நிற்க முடியாமல், ஒரு கால் மட்டும் குட்டையாகத் தெரிந்து, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தால் முறிவைத்தான் முதலில் நினைக்க வேண்டும்.

ஆனால் இங்கேதான் பலரும் வழுக்கி விழுகிறார்கள். வலிப்புக்குப் பிறகு ஒரு கையோ காலோ சில மணி நேரம் செயல்படாமல் போவது உண்டு. அயர்லாந்தில் பிறந்த மருத்துவர் ராபர்ட் பென்ட்லி டாட் பத்தொன்பதாம் நூற்றாண்டில் விவரித்ததால் டாட் வாதம் என்று பெயர். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளுக்குள் தானே சரியாகிவிடும். ஆகவே கை அசையவில்லை என்றால் ஃபிட்ஸ் வந்த அசதி, சரியாகிவிடும் என்று சொல்லும் பழக்கம் வீட்டிலும் இருக்கிறது, வார்டிலும் இருக்கிறது. இரண்டையும் பிரித்தறிவது அவ்வளவு கடினமல்ல. வாதத்தில் கை துணிபோலத் தொங்கும், மருத்துவர் தூக்கினால் வலிக்காமல் மேலே வரும். நழுவிய மூட்டிலும் முறிந்த எலும்பிலும் அடுத்தவர் தூக்கினாலும் வராது, தொட்டாலே முகம் சுளிக்கும். விரல்கள் மட்டும் தாராளமாக அசையும்.

வலிப்பில் தாடை இறங்குவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. திறந்த வாய் மூடாது, எச்சில் வழியும், பேச்சு குழறும், யார் பார்த்தாலும் தெரியும். ஆனால் இதையும் பக்கவாதம் என்று பயந்து ஓடுபவர்கள் உண்டு.

ஒரே அளவு வலிப்பு வந்தாலும் எல்லார் எலும்பும் முறிவதில்லை. எலும்பு எவ்வளவு உறுதியாக இருக்கிறது என்பதும் ஒரு கேள்வி. ஃபெனிடாயின், ஃபீனோபார்பிட்டோன், கார்பமசெபின் ஆகிய பழைய வலிப்பு மாத்திரைகள் விலை குறைவு, பலன் அதிகம். நம்மூரில் லட்சக்கணக்கானோர் ஆண்டுக்கணக்கில் சாப்பிடுகிறார்கள். இவை கல்லீரலில் வைட்டமின் டி-யைச் சீக்கிரம் சிதைத்துவிடும் நொதிகளைத் தூண்டிவிடுகின்றன. வைட்டமின் டி குறைந்தால் உணவிலிருந்து கால்சியம் சேராது, எலும்பு மெலியும். வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊரிலும் வைட்டமின் டி பற்றாக்குறை சாதாரணம் என்பதால் இது கூடுதல் சுமை. இதைப் படித்துவிட்டு யாராவது மாத்திரையை நிறுத்தினால் அதைவிடப் பெரிய தவறு இருக்க முடியாது. நிறுத்தினால் வலிப்பு அடுக்கடுக்காக வரும், உயிருக்கே ஆபத்து. கேட்க வேண்டியது, வைட்டமின் டி அளவைப் பார்க்கலாமா, எலும்பு அடர்த்திப் பரிசோதனை தேவையா என்பதை மட்டுமே.

இதற்குத் தலைகீழாகவும் நடக்கும். ரத்தத்தில் கால்சியம் மிகவும் குறைந்தால் அதுவே வலிப்பைக் கொண்டுவரும். தைராய்டு அறுவைச் சிகிச்சையில் பக்கத்திலிருக்கும் சிறு சுரப்பிகள் பாதிக்கப்பட்டவர்களுக்கும், கடுமையான வைட்டமின் டி பற்றாக்குறை உள்ளவர்களுக்கும் இப்படி வரலாம். அதே பற்றாக்குறையால் எலும்பும் ஏற்கெனவே மெலிந்திருந்தால் இரட்டை அடிதான்.

முறிந்த எலும்பே வலிப்பைக் காட்டிக்கொடுக்கும் சாட்சியாக நிற்பதுதான் இந்த விஷயத்தில் மிகவும் சுவாரசியமானது. விபத்து இல்லை, அடி இல்லை, இரண்டு தோளும் பின்பக்கமாக நழுவியிருக்கிறது என்றால் எலும்பு மருத்துவர் மனதில் மூன்று காரணங்கள் வரும்: வலிப்பு, மின்சாரம் தாக்கியது, பலத்த விபத்து. மூன்றாவது இல்லை, இரண்டாவதும் இல்லை என்றால் முதலாவதைத் துருவ வேண்டும். காலையில் நாக்கின் ஓரத்தில் கடிபட்ட காயம் இருந்ததா? படுக்கை நனைந்திருந்ததா? தலைவலியும் உடம்பு வலியும் குழப்பமும் இருந்ததா? இன்சுலின் போடுபவரா? அப்படியானால் நள்ளிரவில் சர்க்கரை தாழ்ந்து வலிப்பு வந்திருக்கலாம். தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினாரா? கடைசிக் குடிக்குப் பிறகு 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வருவது மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். மாலை போட்டுக்கொண்டு குடியை நிறுத்துபவர்களும் அவர்கள் வீட்டாரும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

கேள்வி கேட்டால் மட்டும் போதாது, பதிலும் உண்மையாக வர வேண்டும். வலிப்பை மறைக்கும் வழக்கம் நம் வீடுகளில் ஆழமாக ஊறியது. வரன் பார்க்கும் நேரத்தில் அந்தச் சொல்லையே எடுக்க மாட்டார்கள். இந்து திருமணச் சட்டத்தில் திருமணத்துக்குத் தடையாக வலிப்பையும் சேர்த்திருந்தார்கள். 1999-இல் திருத்தம் கொண்டுவந்து அதை நீக்கிவிட்டார்கள். சட்டத்திலிருந்து போனாலும் அந்தச் சொல் வீட்டுக்குள் இன்னும் தாழ்ந்த குரலில்தான் ஒலிக்கிறது. “பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா டாக்டர்” என்று சொல்லிவிட்டால் மருத்துவர் வழுக்கி விழுந்தவருக்கு என்ன முறியுமோ அதைத்தான் தேடுவார்.

இனி, கண்ணெதிரே வலிப்பு வரும் நேரத்துக்கு வருவோம். கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது இன்னும் ஓயவில்லை. பெரும்பாலான வலிப்பு மூன்று நிமிடத்துக்குள் தானே நின்றுவிடும், பெயர் சாவிக்குப் போய்விடும். சாவியால் பெரிய கெடுதல் இல்லை என்று சிலர் சொல்வார்கள். ஆனால் அதைப் பிடிக்கவைக்க மூடிய விரல்களைப் பிரிப்பதும், இரண்டு பேர் கைகளை நீட்டிப் பிடித்து அமுக்குவதும் கெடுதல்தான். எலும்புத் தலையை விளிம்புவரை தள்ளிக்கொண்டிருக்கும் தசைக்கு வெளியிலிருந்து நாமும் ஒரு நெம்புகோல் கொடுத்த மாதிரி ஆகிவிடும். தலைக்கடியில் மடித்த துண்டு, சுற்றிலும் உள்ள நாற்காலி, அடுப்பு, கூர்மையான சாமான்களை நகர்த்துவது, வெட்டுதல் நின்றதும் ஒருக்களித்துப் படுக்கவைப்பது, வாயில் எதையும் வைக்காமல் இருப்பது. ஐந்து நிமிடம் தாண்டினாலோ, அடுத்தடுத்து வந்தாலோ 108. கூட இருப்பவர் ஒருவர் செல்போனில் படம் எடுத்தால் பிறகு மருத்துவருக்கு அது பெரிய உதவி.

வலிப்பு நின்றதும் ஒருவர் அரை மயக்கத்தில் இருப்பார். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது. வலிப்பு வந்ததே நினைவிருக்காது, வலி எப்போது தொடங்கியது என்றும் சொல்ல முடியாது. அதனால் தெளிந்து எழுந்தபிறகு, அன்றைக்கு மாலையில் ஒரு தடவை, மறுநாள் காலையில் ஒரு தடவை தோள், முதுகு, இடுப்பு மூன்றையும் பார்த்துவிடுவது நல்லது. கதவைத் திறக்கச் சொல்லுங்கள், தீர்த்தம் வாங்கச் சொல்லுங்கள், நேராக நின்று நாலடி நடக்கச் சொல்லுங்கள். எதில் தடுமாறுகிறாரோ அங்கே படம் எடுக்க வேண்டும். சுளுக்கு வழிப்பவரிடமோ கட்டுப் போடும் வைத்தியரிடமோ அந்தத் தோளோடு போகக் கூடாது. இழுத்து உட்காரவைக்கும் முயற்சியில், விளிம்பில் மாட்டிக்கொண்ட எலும்புத் தலை இரண்டாகப் பிளந்துவிடலாம்.

சீக்கிரம் கண்டுபிடித்தால் மயக்கம் கொடுத்து மெதுவாக இடத்தில் உட்காரவைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு கையை எப்படி வைப்பது என்பதும் முக்கியம். மருந்துக்கடையில் வாங்கும் சாதாரண சிலிங், கையை வயிற்றோடு சேர்த்துக் கட்டும். தோள் பின்னால் நழுவ அதுதான் வசதியான நிலை. ஆகவே இங்கே கையை வெளிப்பக்கம் திருப்பி, யாருக்கோ கைகொடுக்கப்போவது போல நீட்டியே கட்டுவார்கள். வாரங்கள் கடந்துவிட்டால், பள்ளம் பெரிதாகிவிட்டால் அறுவைச் சிகிச்சை தேவைப்படும். நியூயார்க்கின் மெக்லாக்லின் 1952-இல் சொன்ன வழி, பக்கத்திலிருக்கும் தசைநாரைக் கொண்டுவந்து அந்தப் பள்ளத்தில் பொருத்தி மூடுவது. எலும்புத் தலை பாதிக்கு மேல் சிதைந்திருந்தால் செயற்கை மூட்டுதான். எதைச் செய்தாலும் வலிப்பு கட்டுக்குள் வராவிட்டால் அடுத்த வலிப்பு அதையும் பிடுங்கிவிடும். எலும்பு மருத்துவரும் நரம்பியல் மருத்துவரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள வேண்டியது இதனால்தான்.

கட்டுரையின் தொடக்கத்தில் வந்த அந்த மகன், மூன்றாவது வாரத்தில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மருத்துவர் படத்தைப் பார்க்கும் முன்பே, “தீர்த்தம் வாங்குற மாதிரி கையை நீட்டுங்க, தம்பி” என்கிறார். கை பாதியில் நிற்கிறது. அக்குள் வழியாக இரண்டாவது எக்ஸ்ரே எழுதிக் கொடுத்துவிட்டு, அம்மாவிடம் திரும்புகிறார்.

“அன்னைக்கு ராத்திரி ஏதாவது சத்தம் கேட்டுச்சாம்மா?”

அம்மா கொஞ்ச நேரம் யோசிக்கிறார். “கட்டில் ஆடுற சத்தம் கேட்டுச்சுங்க ஐயா. ஏதோ கனவு கண்டு பொரண்டு படுக்குறான்னு நெனச்சேன். காலையில தலகாணியில லேசா ரத்தம் இருந்துச்சு. மூக்குல வந்திருக்கும்னு விட்டுட்டேன்.”

“நாக்கை நீட்டுங்க, தம்பி” என்றபடி மருத்துவர் டார்ச்சை எடுக்கிறார். ஓரத்தில், ஆறிப்போன ஒரு வெள்ளைத் தழும்பு.